முதலில் வேலி மசால், பிறகு முயல்: கொங்கு வெயிலில் பசுந்தீவனத்தை நம்பி இறைச்சி முயல் வளர்ப்பது எப்படி

முயலைக் கூண்டில் விட்ட பிறகு தீனிக்கு எங்கே போவது என்று தேடுகிற பண்ணைதான் சீக்கிரம் காலியாகிறது. கடைத் தீவனத்தை மட்டும் வாங்கிப் போட்டால் கறி விற்ற காசு மூட்டைக்கே போய்விடும். வரப்பில் கிடைத்ததை அறுத்துப் போட்டால் குட்டிகள் கழிந்து சாகும். அதனால் முதல் வேலை தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆடியில் வேலி மசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிரை விதைத்தால், முதல் அறுப்பு முடிந்து இரண்டாம் தழை வரும் கார்த்திகை, மார்கழியில் முயல் வாங்கலாம். அப்போது வெயிலும் தணிந்திருக்கும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 10 தாய் முயல், 2 ஆண் முயல், அவற்றின் குட்டிகள் என்ற அளவுக்கு. ஒரு குடும்பம் மற்ற பண்ணையத்தோடு சேர்த்துச் சமாளிக்கக்கூடிய அளவு இது. இதைவிடப் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.

தீவனப் பயிர்

குட்டிகள் அதிகமாக இருக்கும் தை, மாசியில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பச்சை தேவைப்படும். தண்ணீர் வசதியுள்ள 20 சென்ட் இருந்தால் போதும். அதில் வேலி மசால் 10 சென்ட், மல்பெரி 5 சென்ட், புல் 5 சென்ட். சுற்றிலும் வேலியோரம் 3 அடிக்கு ஒன்றாக அகத்தியும் முருங்கையும் வையுங்கள்.

வேலி மசால்தான் இந்த முறையின் முதுகெலும்பு. புரதம் அதிகம், குதிரை மசாலைவிட நம் வெயிலைத் தாங்கும், ஒருமுறை விதைத்தால் பல வருடம் தழையும். ஆனால் விதைத்தோல் கடினமானது. அப்படியே தூவினால் பாதி விதை மண்ணிலேயே கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையைக் கொட்டி ஐந்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போட்டு, காலையில் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். 10 சென்ட்டுக்கு முக்கால் கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை ஒன்றே முக்கால் அடி. முதல் அறுப்பு 90-ஆம் நாள். அதன் பிறகு 40 நாளுக்கு ஒருமுறை, தரையிலிருந்து அரை அடி விட்டு அறுக்க வேண்டும். 10 சென்ட்டையும் 20 பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தியை இரண்டு நாளுக்கு என்று அறுத்து வந்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராக நிற்கும். நல்ல எருவும் தண்ணீரும் இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ இதிலிருந்தே கிடைக்கும்.

புல்லுக்குக் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை நடலாம். மாட்டுக்கு 45 நாளில் அறுப்பதை முயலுக்கு 30 முதல் 35 நாளிலேயே அறுங்கள். அதற்கு மேல் விட்டால் முயல் இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் கூண்டில் தள்ளிவிடும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் கினியாப்புல் இன்னும் பொருத்தம். தென்னை நிழலில் அது நன்றாக வரும். தண்டும் மெல்லிசு. விதையும் கரணையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில் கேட்டு வாங்கலாம்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லைக் கதிர் தள்ளுவதற்கு முன்பு அறுத்து நிழலில் காயவைத்தால், முயலுக்கு அதைவிட நல்ல காய்ந்த தீவனம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலக்கடலை பிடுங்குபவர்கள் கொடியை அன்றைக்கே உதறி, மண் போக்கி, மழை படாமல் காயவைத்துச் சாளையில் (தோட்டத்துக் கொட்டகையில்) ஏற்றி வையுங்கள். தை, மாசியில் பச்சை குறையும்போது இதுதான் கைகொடுக்கும். பூஞ்சணம் பிடித்த கொடி மட்டும் கூடவே கூடாது. கையில் எடுத்து உதறினால் வெள்ளைத் தூள் பறந்தால் அது எருக்குழிக்குத்தான்.

உடுமலை, கோபி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் மல்பெரி இலை மிஞ்சும். தோட்டத்தில் நேராக வெட்டியதை மட்டும் வாங்குங்கள். புழுப் படுக்கையிலிருந்து எடுத்த தழையில் புழுக்கழிவும் கிருமிக்காகத் தூவிய சுண்ணாம்பு மருந்துத் தூளும் ஒட்டியிருக்கும். செடிக்குக் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டுக்குள் போகக் கூடாதவை

மரவள்ளித் தழை, முழங்கால் உயர இளஞ்சோளத் தட்டு, தண்ணீரில்லாமல் வாடி மறுதழை விட்ட சோளம் ஆகிய மூன்றிலும் சயனைடு நஞ்சு உண்டு. மரவள்ளியும் சோளமும் நம் காடுகளில் எங்கும் இருப்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமணக்கு, அரளி, எருக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி இவையும் ஆகாது. சவுண்டல் (சூபாபுல்) தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதால் மொத்தப் பச்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து கூடுதலாகப் போட்டால் முடி கொட்டும், சினையும் பிடிக்காது. அகத்தி, கிளைரிசிடியா தழைகளையும் அதே அளவோடு நிறுத்துங்கள். முட்டைக்கோஸ் இலை கொஞ்சம் போனால் பரவாயில்லை, கூடை கூடையாகப் போட்டால் வயிறு உப்பும். சந்தையில் வீசிய காய்கறித் தழையில் என்ன மருந்து இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதை எடுக்கவே வேண்டாம்.

எப்படிப் போடுவது, எவ்வளவு போடுவது

பனி உலர்ந்த பிறகு, காலை 9 மணிவாக்கில் அறுங்கள். குவித்து வைத்தால் தழை உள்ளே சூடேறிப் புளிக்கும். நிழலில் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் வாடவிடுங்கள். ஈரத் தழைதான் மழைக்காலக் கழிச்சலுக்கு வாசல். முயல் இரவில்தான் நிறையத் தின்னும், வெயில் காலத்தில் பகலில் தொடவே தொடாது. எனவே அன்றைய பச்சையில் மூன்றில் இரண்டு பங்கை மாலை 6 மணிக்கு மேல் வையுங்கள், மீதியை விடியற்காலையில். கூண்டுத் தரையில் போடாமல், பக்கவாட்டில் கம்பிக்கூடை கட்டி அதில் செருகுங்கள். தரையில் மிதிபட்ட தழையில் புழுக்கை ஒட்டும், அதைத் தின்றால் இரத்தக் கழிச்சல் வரும்.

4 கிலோ எடையுள்ள தாய்க்கு ஒரு நாளைக்குப் பச்சை 500 முதல் 600 கிராம், பால் கொடுக்கும்போது தின்கிற அளவுக்கு. பால்மறந்த குட்டிக்கு 150 கிராமில் தொடங்கி, 2 கிலோ எடை வரும்போது 350 கிராம் வரை. இதில் எடைக் கணக்கில் பாதி பயறுவகைத் தழையும் பாதி புல்லும் இருக்கட்டும். வெறும் வேலி மசாலும் அகத்தியுமாகப் போட்டால் குட்டி சீக்கிரம் தேறும் என்று நினைப்பது தவறு. நார்ச்சத்து குறைந்தால் குடல் நகராது, உள்ளே நுண்ணுயிர் புளித்துப் பொங்கும், குட்டி ஒரே இரவில் வயிறு வீங்கிப் போய்விடும். எந்தத் தழையைப் புதிதாகச் சேர்த்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பச்சையை மட்டும் வைத்தும் வளர்க்கலாம். ஆனால் பால் கொடுக்கும் தாய் இளைத்துப்போகும், அடுத்த சினை தள்ளிப்போகும். எனவே பால் தாய்க்கு 100 கிராம், பால்மறந்த குட்டிக்கு 30 முதல் 50 கிராம் அடர்தீவனம் கொடுப்பது நல்லது. வீட்டிலேயே 10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 3 கிலோ, உடைத்த கம்பு 3 கிலோ, கோதுமைத் தவிடு 2.5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.3 கிலோ, தாது உப்புக் கலவை 150 கிராம், சாப்பாட்டு உப்பு 50 கிராம். உருண்டை பிடிக்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். உலர்தூளாக வைத்தால் மூக்கில் ஏறித் தும்மும். இரண்டு மணி நேரத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். புண்ணாக்கு பழசாகிப் பூஞ்சணம் வாடை அடித்தால், விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

தண்ணீர் எந்நேரமும் வேண்டும். பால் கொடுக்கும் தாய் வெயில் நாளில் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நிப்பிள் குழாய் போட்டவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: வெயிலில் ஓடும் கறுப்புக் குழாயில் மதியம் தண்ணீர் கொதிக்கிறது, முயல் வாய் வைப்பதில்லை. குடிக்காத முயல் தின்பதும் இல்லை. தொட்டியையும் குழாயையும் கூரைக்குள் கொண்டுவாருங்கள். நம் போர்த் தண்ணீர் உப்பு. நிப்பிளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

கொட்டகையும் வெயிலும்

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை முக்கியமாகக் காதின் வழியாகவும் மூச்சின் வழியாகவும்தான் வெளியே தள்ளும். 30 டிகிரிக்கு மேல் போனால் தீனி குறையும், ஆணின் விந்து கெடத் தொடங்கும். 35-ஐத் தாண்டினால் சினை முயலும் கொழுத்த முயலும் சாகலாம். கரூர், ஈரோட்டில் சித்திரையில் 40 வரும். இதை முன்கூட்டியே எண்ணித்தான் கொட்டகை போட வேண்டும்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் பக்கவாட்டில் வெயில் அடிக்காது. கூரைக்குத் தென்னங்கீற்று அல்லது நாட்டு ஓடு. தகரமும் சிமெண்ட் அட்டையும் வேண்டாம்; ஏற்கெனவே போட்டிருந்தால் மேலே கீற்று வேயுங்கள். வேம்போ புங்கனோ நிழல் தரும் இடமாகப் பார்த்துக் கட்டினால் பாதிக் கவலை தீரும். பக்கச் சுவர் ஒன்றரை அடி போதும், அதற்கு மேல் வலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் கூண்டையே ஆட்டும். மேற்கில் மட்டும் சுருட்டி விரிக்கும்படி சாக்குப் படுதா கட்டுங்கள்.

கூண்டு ஒன்றுக்கு நீளம் இரண்டரை அடி, அகலம் 2 அடி, உயரம் ஒன்றரை அடி. தரைக்கு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கண்ணுள்ள, 14 கேஜ் பற்றவைத்த கம்பி வலை. மெல்லிய வலை தொய்ந்து பின்னங்காலில் புண் வரும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் தண்ணீரோ கழிவு ஆயிலோ ஊற்றிய டப்பாவுக்குள் வையுங்கள். பிறந்த குட்டியைச் சிற்றெறும்பு மொய்த்துக் கொல்வது இங்கே எலியும் கீரியும் செய்யும் சேதத்துக்குக் குறைந்ததில்லை. ஒற்றை அடுக்கே நல்லது. இரண்டடுக்கு போட்டால் மேல் அடுக்கில் அனல், கீழ் அடுக்கில் மூத்திர நெடி. அந்த நெடிதான் சளிக்கும் தும்மலுக்கும் காரணம்.

பங்குனி முதல் வைகாசி வரை காலை 11 மணிக்கு ஈரச் சாக்கைப் பக்கங்களில் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனையுங்கள். நம் ஊர் வெயில் உலர்வெயில் என்பதால் இது நன்றாக வேலை செய்யும். காற்றோட்டத்தை மட்டும் அடைக்கக் கூடாது. தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலைக் கூண்டுக்குள் போட்டால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். சினை முயலுக்கும் ஆணுக்கும் முதலில். வாய் திறந்து மூச்சு வாங்கி, மூக்கோரம் நனைந்து, காது சிவந்து சுட்டால் அது ஆபத்துக் கட்டம். நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே சாகும்.

எப்போது ஜோடி சேர்ப்பது

கொங்குச் சமவெளியில் முயல் வருடம் முழுக்கக் குட்டி போடாது என்று ஏற்றுக்கொண்டால் நிறைய வீண் செலவு மிச்சமாகும். சித்திரை வெயிலில் சூடுபட்ட ஆண், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஏறவும் ஏறும். ஆனால் சினை நிற்காது. புது விந்து உருவாக ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். இது தெரியாமல் நல்ல தாய்களை மலடு என்று கழித்துவிடுகிறார்கள். வெயில் ஜூன் நடுவில் தணிகிறது என்றால், ஆகஸ்ட் நடுவில்தான் முதல் ஜோடி. கரூர், ஈரோட்டுப் பக்கம் இன்னும் இரண்டு வாரம் தள்ளுங்கள். அடுத்தது அக்டோபர் கடைசி, மூன்றாவது டிசம்பர் கடைசி. தைப்பொங்கலுக்குப் பிறகு சேர்க்க வேண்டாம், அந்தக் குட்டிகள் பங்குனி வெயிலில் பால்மறக்க வேண்டியிருக்கும். வருடம் மூன்று ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறினால் 10 தாயிடம் 150 முயல். தோட்டத்துத் தீனிக்கு இதுவே நியாயமான கணக்கு.

இனத்தில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் மூன்றும் இறைச்சிக்கு ஏற்றவை. நீலகிரியின் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் முயல் வைத்திருக்கின்றன. மலையில் பிறந்ததை மார்கழியில், இரவுப் பயணமாக, மூன்று நான்கு மாதக் குட்டியாக இறக்குங்கள். சமவெளியில் ஒரு கோடையைத் தாண்டிய பண்ணையில் வாங்குவது அதைவிட நல்லது. ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் ஜோடியாக்காதீர்கள். குட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் கேட்கும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2012-ல் பெருந்துறையைச் சுற்றி ஈமுக் கோழி ஒப்பந்தத்தில் பணம் போட்டவர்கள் ஏமாந்தது இந்த வட்டாரத்துக்கே தெரியும்.

பெண்ணுக்கு ஆறு மாதமும் 3 கிலோவும் ஆகட்டும், ஆணுக்கு ஏழு மாதம். விடியற்காலையில் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடிக்கும். பெண்ணுறுப்பு வெளுத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். சிவந்து தடித்திருந்தால் நிற்கும். ஆண் ஒரு கத்தலோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் சேர்ந்தாகிவிட்டது. அன்று மாலை மறுமுறை சேர்த்தால் குட்டி எண்ணிக்கை கூடும். 14-ஆம் நாள் அடிவயிற்றை விரல்களுக்கிடையே மெல்லத் தடவினால் கொட்டைப்பாக்கு அளவில் வழுக்கும் உருண்டைகள் தட்டுப்படும். கெட்டியாக, சின்னதாக இருந்தால் அது புழுக்கை.

28-ஆம் நாள் குட்டிப்பெட்டி வையுங்கள்: நீளம் 20 அங்குலம், அகலமும் உயரமும் 12. வெயில் நாட்களுக்கு அடிப்பகுதி வலையாக இருக்கட்டும். உள்ளே காய்ந்த கொழுக்கட்டைப் புல். தேங்காய் நார் மில்லிலிருந்து நீள நாரைக் கொண்டுவந்து போடாதீர்கள், குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கும். 31-ஆம் நாள்வாக்கில், பெரும்பாலும் இரவில் ஈனும். காலையில் செத்ததை எடுத்துவிட்டு உயிருள்ளதை எண்ணுங்கள். தாய் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். அது பக்கத்தில் உட்காரவில்லை என்று பதற வேண்டாம். குட்டியின் வயிற்றைப் பாருங்கள்: பால் குடித்த வயிறு உருண்டு, தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரியும், குடிக்காததன் தோல் சுருங்கிக் கிடக்கும். எட்டுக்கு மேல் இருந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் குறைவாக ஈன்ற வேறு தாயிடம் மாற்றுங்கள். இப்படி மாற்ற வசதியாக எல்லாத் தாய்களையும் ஒரே வாரத்தில் ஜோடி சேருங்கள்.

35-ஆம் நாள் பால் மறக்கவையுங்கள். தாயை வேறு கூண்டுக்கு மாற்றி, குட்டிகளை அதே கூண்டில் ஒரு வாரம் விடுங்கள். இடம், தீனி, தாய் மூன்றும் ஒரே நாளில் மாறினால் கழிச்சல் நிச்சயம். ஒரு கூண்டுக்கு ஐந்து குட்டி. மூன்று மாதத்தில் ஆண், பெண்ணைப் பிரித்துவிடுங்கள்.

நோய்

பால்மறந்த குட்டி சாவதற்கு முதல் காரணம் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல். வயிறு உப்பி, முடி சிலிர்த்து, எடை ஏறாமல் நிற்கும். இதன் முட்டைகளைப் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொல்லாது. சூடும் உலர்ச்சியும்தான் கொல்லும். கூண்டு வலையை மாதம் ஒருமுறை நெருப்புக் குழலால் வாட்டுங்கள், அல்லது கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரட்டும். செத்த குட்டியை நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றால் காரணம் தெரியும். கோழிக்கு வாங்கிய, மனிதருக்கு வாங்கிய அமாக்சிசிலின், பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர் செத்து, நோயில் பிழைக்க வேண்டிய முயலும் மருந்தில் சாகும். நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு.

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் காதுக்குள் பாருங்கள். பழுப்பு அப்பளம்போல் படிந்திருந்தால் சொறிப்பூச்சி. பொருக்கை உரிக்காமல் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மருத்துவர் போடும் ஐவர்மெக்டின் ஊசியை இரண்டு வாரத்தில் மறுபடி போட வேண்டும், அந்த வரிசையில் உள்ள எல்லா முயலுக்கும்.

கறிக்கு

தழையில் வளர்ந்த முயல் 2 கிலோ வர நான்கரை மாதம் ஆகும். முழு அடர்தீவனத்தில் மூன்று மாதத்தில் வரும் எடை இது. ஏறக்குறைய பாதி கறியாகத் தேறும். மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொன்ன நாள் கழிந்த பிறகே அறுங்கள். முந்தின இரவு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். காட்டுமுயல் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வாங்குபவருக்குப் பண்ணை முயல் என்று சந்தேகமில்லாமல் தெரியும்படி விற்பது நல்லது.

அறுக்கும் ஒவ்வொரு முயலின் ஈரலையும் வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, ஒரே நிறமாக இருந்தால் சரி. கடுகளவில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் ஈரலைத் தாக்கும் காக்சிடியாதான்; ஈரலை எரித்துவிட்டு, அந்த முயல் இருந்த கூண்டின் எண்ணைக் குறித்து, அந்த வரிசையின் வலை முழுவதையும் அன்றைக்கே நெருப்பில் வாட்டிவிடுங்கள்.